காவேரி நகரின் தொன்மையான குடத் திருவிழா

இயேசு மரி சூசை துணை

காவேரி நகர்,
திருமுல்லைவாயில்,
7-5-1987, வியாழன்.

பாசமுள்ள ராயப்பன் அண்ணனுக்கு, தங்கை ஜெயசீலி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மகள் ஹில்டா மூவரும் உடம்பளவில் சுகம். உடம்பளவில் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறேன். அண்ணியின் முழங்கால் வலி குறையப் பூண்டி மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருக்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, தெருமுனையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும் இடத்தில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தை அரிவாள்மணையால் அறுத்துப் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்து வந்ததுதான். பல்கூடத் துலக்கவில்லை. அரிவாள்மணையோடு தெருவில் நடக்கிற வயதா எனக்கு, பி.ஏ. வரலாறு படித்தவள், ஆபீசில் பதினொரு பேர் மேடம் என்று கூப்பிடுகிறார்கள். தோரணத்தைக் கொல்லையில் வீசிவிட்டுக் காபி கலக்கிக்கொண்டிருக்கும்போதே எங்கள் நகர் நலச் சங்கத் தலைவர் அய்யாசாமி வீட்டிலிருந்து ஏணியை இழுத்துப் போகிற சத்தம் கேட்டது. ஆறரைக்கு எட்டிப் பார்த்தால் பழையதைவிடப் பெரிய தோரணம் தொங்குகிறது, நடுவில் தென்னங்குருத்தில் செய்த கிளி வேறு. அண்ணா, இந்தத் திருவிழாவை இனி என்னால் நிறுத்த முடியாது. அதனால் நீங்கள் ஞாயிறு ராத்திரி வண்டியைப் பிடித்துத் திங்கள் காலை இங்கே இருக்க வேண்டும். ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன். பாதியில் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்து மறுபடி படியுங்கள். உங்கள் ஊரில் தண்ணீர் இருக்கிறது.

போன வருஷம் மே மாதம் உங்கள் மாப்பிள்ளையை ஆவடி டாங்க் பாக்டரியில் மூன்று மாதப் பயிற்சிக்கு இங்கிலாந்து அனுப்பியபோது, நானும் சம்பளமில்லா லீவு போட்டுக் கூடப் போனேன் இல்லையா, அங்கிருந்து உங்களுக்கு அனுப்பிய படக் கார்டுகளில் "இயற்கைக் காட்சிகள் மிக அருமை" என்று எழுதியதெல்லாம் உண்மைதான். எழுதாமல் விட்டவைதான் இப்போது தொண்டையில் நிற்கின்றன. நாங்கள் இருந்தது மார்ல்டன் என்ற கிராமம். தபாலாபீஸ் மாடியில் ஒரு அறை. இவர் காலை ஏழு மணி பஸ்ஸில் பக்கத்து நகரத்துத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு நானும் ஜன்னலும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மேடு, மேட்டில் ஆடுகள், அதற்குப் பின்னால் இன்னொரு மேடு, அதிலும் ஆடுகள். ஆடு மேய்ப்பவரைக்கூடக் காணோம். குக்கர் விசில் இல்லை, ரயில் இல்லை, எதிர்வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. மூன்றாம் நாள் நான் அறைக்குள்ளேயே கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டேன். கீழே தபாலாபீஸ் அம்மாளுக்குத் தலைக்கு மேலே சத்தம் கேட்டிருக்கும் போல. அவர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், நாலாம் நாள் கதவைத் தட்டியது மார்கரெட் அம்மாள். எழுபது வயது, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லியாகக் குடைக்கம்பி மாதிரி இருப்பார், கையிலும் குடை. அந்த ஊர் வரலாற்றுக் கழகத்தின் செயலாளர். "நீங்கள் வரலாறு படித்தவராமே" என்று கேட்டார்.

அண்ணா, நான் பட்டம் வாங்கி இருபத்து மூன்று வருஷம். அதற்குள் என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், ஆபீசில் டைப் தெரியுமா என்று கேட்டார்கள். எம்.ஏ.வுக்கு நீங்கள் போனீர்கள், நான் ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போனேன், அதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு அந்தக் கதவருகே நின்று "ஆமாம்" என்று சொல்வதற்கு எனக்கு அரை நிமிஷம் ஆனது.

மறுநாளிலிருந்து மார்கரெட் அம்மாள் என்னை இழுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். ஊருக்கு வெளியே இடிந்த மடாலயம் ஒன்று. நாலு சுவர் நிற்கிறது, கூரை இல்லை. நம் பக்கம் என்றால் கான்ட்ராக்டர் பாதியில் ஓடிவிட்டான் என்று நினைத்துப் போய்விடுவோம், அங்கே அதன் முன்னால் தொப்பியைக் கழற்றுகிறார்கள். இரும்புத் தொப்பி மாட்டிக்கொண்டு தவழ்ந்து போகிற ஒரு குகை, அதற்குள் என் செருப்பு ஒன்று இன்னும் இருக்கிறது. பிரபு வீடு ஒன்று, எத்தனை ஜன்னல் என்று எண்ணிப் பலகையில் எழுதியிருக்கிறார்கள், யார் துடைப்பது என்று மட்டும் எழுதவில்லை. மாதா கோயிலுக்குள் ஒரு வீரனின் கல்லறை, கல்லில் வீரன் படுத்திருக்கிறான், காலடியில் கல் நாய், அந்த நாயின் பேரும் அந்த அம்மாளுக்குத் தெரியும். சாலையோரம் ஒரு கம்பி வேலி, உள்ளே வெறும் புல். என்ன என்று கேட்டால், ஏதோ ஒரு ராஜாவின் குதிரைக்கு இந்த இடத்தில் லாடம் கழன்றதாம். ராஜா இறங்கக்கூட இல்லை. லாடம் கழன்றது, ராஜா திட்டினார், போய்விட்டார், அதற்கு முந்நூறு வருஷமாக வேலி. நான் சிரித்துவிட்டேன். மார்கரெட் அம்மாளும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "உங்கள் ஊரில் பழையது என்ன?" என்று கேட்டார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமையான கோயில் இருக்கிறது என்று மிடுக்காகச் சொன்னேன். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? பத்து நிமிஷ நடை. எந்த ராஜா கட்டியது? உள்ளே என்ன கல்வெட்டு? எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக அந்தக் கோபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக. அவர் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஜூலைக் கடைசியில் அங்கே கிணறுகளுக்கு அலங்காரம் செய்கிறார்கள். பெரிய பலகையில் ஈரக் களிமண் பூசி, அதில் பூவிதழை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி, வேதாகமக் காட்சி ஒன்றைப் படமாகச் செய்து கிணற்றின் தலையில் நிறுத்துவார்கள். என்னையும் மூன்று நாள் உட்கார வைத்தார்கள். மோசேயின் தாடி முழுக்க நான் ஒட்டியதுதான். எப்போதோ ஒரு பெரும் பஞ்சத்தில் சுற்றுவட்டாரமே காய்ந்து கிடந்தபோது அந்தக் கிணறு மட்டும் வற்றவில்லையாம், அதற்கு நன்றியாக இது. குழாயில் வெந்நீரும் பச்சைத்தண்ணீருமாகக் கொட்டுகிற ஊரில், ஒருவரும் இறைக்காத கிணற்றுக்குப் பூ வைத்து ஜெபம் செய்கிறார்கள். எனக்கு அழகாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வரலாற்றுக் கழகத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஊர்ப் பொதுக்கூடத்தில் நாற்பது பேர், தட்டில் கேக், இரண்டாம் வரிசையில் கோட்டு போட்டுக்கொண்டு உங்கள் மாப்பிள்ளை. நான் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன், எல்லாம் காலேஜில் படித்த பல்லவர் சோழர், ஒப்புக்குச் சொன்னேன். பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோன போட்டோக்களைக் கைமாற்றி அனுப்பினேன். அதில்தான் அந்தப் படம் இருந்தது. ஹில்டா புதுக் காமிராவில் விடியற்காலையில் எடுத்தது. லாரி வரும் முன் எங்கள் தெருவில் வளைந்து வளைந்து எழுபது எண்பது பிளாஸ்டிக் குடங்கள், சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், பக்கத்தில் பெண்கள், நடுவில் நம் தாயம்மாள் இரண்டு கையையும் மேலே தூக்கி வாயை அகலத் திறந்து நிற்கிறாள். தாயம்மாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடிசைகளில் இருப்பவள், எங்கள் வரிசைக்கு அவள்தான் கலெக்டர். மார்கரெட் அம்மாள் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் தண்ணீர் விழா இருக்கிறதா! ஏன் சொல்லவே இல்லை? இந்தப் பெண் பாடுகிறாரா?" என்று கேட்டார்.

நாற்பது முகம் என்னையே பார்த்தது. தாயம்மாள் அந்த நேரத்தில் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "ஏய், எவடி அவ நடுவுல பூந்துக்கினு வர்றது, ஒன் ஊட்டு வரிசையா இது?" என்பதில் ஆரம்பித்து இங்கே எழுத முடியாத இடத்தில் முடிந்தது. ஆனால் அன்று மாலை, மோசேக்கு நான் ஒட்டிய தாடி இன்னும் வாடாமல் கிணற்றின் மேல் நிற்கும்போது, நாங்கள் ஒரு குடம் தண்ணீருக்கு இருட்டிலிருந்து நிற்கிறோம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "ஆமாம், மழையை அழைக்கிற பாட்டு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மே மாதம் நடக்கும் குடத் திருவிழா என்றேன், குடத்தின் நிறம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பரம்பரையாக வருவது என்றேன், செம்பரம்பாக்கம் பேரேரியின் நீரை ஊருக்கு வரவேற்கும் சடங்கு என்றேன். லாரியை மட்டும் "ரதம்" என்று சொல்லவில்லை, "ஒரு வாகனம்" என்றேன். கைதட்டினார்கள் அண்ணா. எழுந்து நின்று கைதட்டினார்கள். பொய் சொன்னதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எவ்வளவு நன்றாகச் சொன்னேன் என்ற பெருமையும் இன்னும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. இவர் அறைக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது, "நல்லாத்தான் பேசுன. எனக்கே போய்ப் பாக்கணும்போல இருந்துச்சு" என்றார்.

திரும்பி வந்தபின் மார்கரெட் அம்மாள் மாதம் தவறாமல் எனக்கு எழுதுகிறார். நீல நிற விமானக் கடிதம், மூலை வரைக்கும் பொடி எழுத்து. என்ன படித்தேன், அதைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று கேட்பார். என்ன சமைத்தேன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவருக்குப் பதில் எழுத வேண்டும் என்பதற்காகவே அம்பத்தூர் நூலகத்தில் சேர்ந்தேன், பத்து நிமிஷக் கோயிலுக்கும் போய் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சுற்றி வந்தேன். அந்தக் கடிதம் வருகிற வாரம் நான் வேறு ஒருத்தி. இது என்ன வியாதி என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடிதங்களுக்காகத்தான் உண்மையை எழுதாமல் தள்ளிப்போட்டேன். பிப்ரவரிக் கடிதத்தில் எழுதியிருந்தார்: வரலாற்றுக் கழகத்தார் ஏழு பேர் தென்னிந்தியா வருகிறார்கள். மகாபலிபுரம், காஞ்சிபுரம், பிறகு மே பதினான்கு பதினைந்து இரண்டு நாளும் திருமுல்லைவாயில், குடத் திருவிழாவுக்காக. நான் கொடுத்துவிட்டு வந்த அந்தக் குடப் படத்தைப் பெரிதாக்கி மாதா கோயில் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறார்களாம். மார்கரெட் அம்மாள் மட்டும் புதன் ராத்திரியே எங்கள் வீட்டில் தங்கிவிடுவார்.

நான் உண்மையை எழுத நான்கு விமானக் கடிதம் வாங்கினேன். நான்கையும் கிழித்தேன். அதற்குள் உங்கள் மாப்பிள்ளை, வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கு வருகிற பெருமையை அடக்க முடியாமல், அய்யாசாமியிடம் சொல்லிவிட்டார். அய்யாசாமி ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பச்சைக்கொடி காட்ட ஏதாவது கிடைக்காதா என்று ஏங்குகிறவர்.

"என்ன திருவிழா பாக்க வர்றாங்க?" என்றார்.

"குடத் திருவிழா" என்றார் இவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அய்யாசாமி கொஞ்ச நேரம் வாசல் வேப்பமரத்தைப் பார்த்தார். தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "ஆமா ஆமா. நடுவுல நடத்தாம விட்டுட்டோம். தெய்வக்குத்தம். அதான் மழையே இல்ல" என்றார்.

அவ்வளவுதான். ஒரே வாரத்தில் அதற்குச் சாட்சிகள் கிளம்பிவிட்டார்கள். அய்யாசாமியின் மாமனார் சிறு வயதில் இந்த விழாவில் குடம் தூக்கியிருக்கிறாராம், தோளில் தழும்பு இருந்ததாம். இரண்டாவது குறுக்குத் தெரு பாஸ்கரன், விழா எங்கள் தெருவில் அல்ல, அவர்கள் தெருவில்தான் நடந்தது என்று அடித்துச் சொல்கிறார். எழுபத்து நான்கில் இந்த இடம் பிளாட் போடும் வரைக்கும் இங்கே தெருவே கிடையாது, முள்ளுக்காடு. முதல் குடத்தை யார் தூக்குவது என்று இரண்டு தெருவும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. மஞ்சள் புடவை எடுத்திருக்கிறார்கள், பித்தளைக் குடம்தான் மரபு என்று முடிவாகியிருக்கிறது. பிளாஸ்டிக் என்றால் வெள்ளைக்காரன் என்ன நினைப்பான். நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். அதில் "காவேரி நகரின் தொன்மையான குடத் திருவிழா, வரலாற்றுச் சிறப்புரை: திருச்சி பேராசிரியர் ராயப்பன், எம்.ஏ." என்று உங்கள் பெயரும் இருக்கிறது. மன்னியுங்கள். நான் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன், அதற்குள் அச்சாகிவிட்டது. உங்கள் மாப்பிள்ளையின் பெரிய ஆபீசர் தலைமை.

நான் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்: இப்படி ஒரு விழாவே கிடையாது, அந்தப் படத்தைக் காட்டி நான் சொன்ன பொய் இது. அய்யாசாமி எழுந்து வந்து மிகவும் பரிவோடு, "உக்காருங்கம்மா. நீங்க வேற மதம். எங்க பழக்கவழக்கம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நேத்து வந்தவங்க நீங்க" என்றார். அவர் எங்களுக்கு இரண்டு வருஷம் பின்னால் குடிவந்தவர். நான் கண்டுபிடித்த திருவிழாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று தீர்மானம் போடாத குறைதான்.

போன ஞாயிறு ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை லாரி வராது என்றுதான் அந்த நாளை வைத்தார்கள். காலை ஏழு மணிக்கு மேளம் முன்னால், மஞ்சள் புடவையில் இருபத்தாறு பெண்கள், இடுப்பில் பித்தளைக் குடம், அதில் மாவிலை தேங்காய், கடைசியில் நான், வேண்டாம் என்றாலும் விடவில்லை. பாதித் தெரு வந்திருப்போம். முனையில் ஹாரன். சனிக்கிழமை வராத லாரி அன்றைக்கு வந்துவிட்டது. டிரைவர் துலுக்கானம் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாம்மா இது, கல்யாணமா? தண்ணி வோணுமா வோணாமா, இன்னும் நாலு தெரு கீது எனக்கு" என்றான். பிறகு முதல் வரிசையில் ஒரு தேங்காய் விழுந்தது. அதன்பின் மரபு, வரிசை, இரண்டாம் குறுக்குத் தெரு, ஒன்றும் இல்லை. தேங்காயையும் மாவிலையையும் கொட்டிவிட்டு எல்லோரும் பித்தளைக் குடத்தோடு ஓடினார்கள். நானும் ஓடினேன் அண்ணா, வீட்டில் மூன்று நாளாக நல்ல தண்ணீர் இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாயம்மாள் பிளாஸ்டிக் படையோடு வந்து சேர்ந்தாள். பித்தளையும் பிளாஸ்டிக்கும் மோதினால் பித்தளைதான் நசுங்குகிறது என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன். "மரபைக் காப்பாத்துங்கம்மா, மரபு!" என்று கத்திக்கொண்டே குறுக்கே வந்த அய்யாசாமியின் முழங்காலில் ஒரு குடம் இறங்கியது. தவில்காரர் மேல் அரைக்குடம் கொட்டி, தவில் அதற்குப் பிறகு இருமுகிற மாதிரிதான் பேசியது. உங்கள் மாப்பிள்ளை, ஊர்வலத்தைப் படம் பிடிக்க ஸ்டூல் மேல் நின்றவர், அப்படியே நின்றார். இந்தப் படத்தைக் கழுவினால் என்னைக் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். பதற்றத்தில் வாக்கியம் அப்படித்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம். முழங்காலில் கட்டோடு அய்யாசாமி தீர்மானம் கொண்டுவந்தார். பதினான்கு, பதினைந்து இரண்டு நாளும் லாரி இந்தப் பக்கமே வரக்கூடாது, வந்தால் மானம் போய்விடும், வர வேண்டாம் என்று லாரி அனுப்புகிற அலுவலகத்துக்கு மனு. நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் நகரில் பாதி வீட்டில் கிணறு இருக்கிறது, உப்புத்தான், ஆனாலும் குளிக்கக் கழுவ ஆகும், இரண்டு நாள் சமாளிக்கலாம். குடிசைப் பக்கம் ஒன்றும் கிடையாது. தாயம்மாளை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வந்து வாசல் தூணருகே நின்றாள்.

"மே மாசத்துல ரெண்டு நாளு தண்ணி வாணாம்னு எய்திக் குட்க்கறீங்களே, நாங்க குடிக்க இன்னா பண்றது? தோரணத்தப் புழிஞ்சி குடிக்கறதா?"

"ரெண்டே நாள்தானம்மா தாயம்மா. ஊருக்குப் பெருமை" என்றார் அய்யாசாமி.

"ஒன் ஊட்ல கெணறு கீது, நீ பெருமப்படு நைனா. எம் மருமவ புள்ளைய இட்டுகினு வந்து கீறா, பொறந்து பத்து நாளு."

யாரோ சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னா மேடம், நீதான் அவங்க ஊருக்குப் போய்ட்டு வந்தியே. அங்க கெணத்துக்குப் பூ வெக்கறாங்கன்றியே, அவங்களும் ஒரு காலத்துல அந்தக் கெணத்தாண்ட குடத்த வெச்சிக்கினு ஒர்த்தி மயிர ஒர்த்தி புட்ச்சி இஸ்த்துகினுதான இர்ந்துருப்பாங்க? அத்த எவனாவது மறச்சி வெச்சானா?" மார்கரெட் அம்மாள் சொன்ன அந்தப் பஞ்சத்தைப் பற்றி நான் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பு எடுத்திருக்கிறேன், ஆனால் வற்றாத அந்த ஒரே கிணற்றின் முன்னால் எத்தனை பேர் எத்தனை நாள் நின்றிருப்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த மனுவைக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது, ஏனென்றால் அந்த அலுவலகம் அம்பத்தூரில் என் ஆபீசுக்கு நேர் எதிரே. இன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும். இவருக்கு ஆபீசர் முன்னால் பெயர் கெடாது, அய்யாசாமிக்குக் கொடி, மார்கரெட் அம்மாளுக்குத் திருவிழா, எனக்கு மாதா மாதம் கடிதம். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன் அண்ணா. திங்கட்கிழமை வாருங்கள். வரும்போது ஆங்கிலத்தில் நான்கு பக்கம் விழா வரலாறு ஒன்று எழுதிக்கொண்டு வாருங்கள், ராஜா ஒருவர் கட்டாயம் வேண்டும். கல்வெட்டு ஒன்று இருப்பதாகச் சொன்னால் போதும், எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அய்யாசாமியின் யோசனை. இந்த ஒரு தடவை தங்கைக்காகப் பொய் சொல்லுங்கள், வாழ்நாள் முழுக்க உண்மையைச் சொல்லிக்கொடுத்த வாய்க்கு அது ஒன்றும் ஆகாது.

அண்ணிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு முத்தங்களும். உங்கள் ஜெபத்தில் எங்களை மறக்க வேண்டாம், முக்கியமாகப் பதினான்காம் தேதி. தேவதாய் உங்கள் எல்லோரையும் நிழலில் வைத்துக் காக்கட்டும். இங்கே நிழலிலேயே நூற்று மூன்று டிகிரி.

உங்கள் அன்புத் தங்கை,
ஜெயசீலி பால்ராஜ்

பி.கு.: மேலே உள்ளதை மதியச் சாப்பாட்டு வேளையில் எழுதினேன். இப்போது மாலை ஐந்தேகால். எதிர் அலுவலகத்தில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். இறக்குவதை என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மனு என் கைப்பையில்தான் இருக்கிறது. நாளையும் அது அங்கேதான் இருக்கும். ஆகவே நீங்கள் வர வேண்டாம், நான்கு பக்கமும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம். வருகிற வியாழன் விடியற்காலை துலுக்கானம் வழக்கம்போல வருவான். நான் நாலரைக்கு மார்கரெட் அம்மாளை எழுப்பி, கையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய், வரிசையில் கடைசியில் நிறுத்தப் போகிறேன், அவர் பின்னால் நான் நிற்பேன். லாரி வரும் வரைக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இருக்கும், எல்லாவற்றையும் சொல்ல அது போதும். ஜூன் மாதம் நீலக் கடிதம் வருமா என்று தெரியாது. அய்யாசாமி நான் மனுவைக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். இவரிடமும் இன்னும் சொல்லவில்லை.